மிஸ்ஸியின் வைத்தியமும் தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸும்

1981-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து செப்டம்பர் வரை என் மனைவி எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வேறு பல காரணங்களைச் சொன்னார்கள். வீட்டு வாசல் தெற்கு பார்த்திருக்கிறது என்றார்கள். பக்கத்துக் காலி மனையில் வெட்டிப்போட்ட முருங்கை மரம் என்றார்கள். ஒருவர் குழாய்த் தண்ணீர் என்றார்.

நாங்கள் 1978 ஜனவரியில் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஈப்போ நகரத்துப் புந்தோங்குக்கு வந்தோம். தோட்டத்தில் கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, தள்ளிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். இனிப் பாதி ஆள் போதும் என்றார்கள். நாங்கள் மற்றப் பாதியில் இருந்தோம். அங்கே நான் பால் ஸ்டோரில் எடை பார்த்து எழுதுகிறவன். அவள் பதினாறு வருடம் பால் வெட்டியவள். ஈப்போவில் எனக்கு ஒரு சீனர் இரும்புக் கடையில் ஸ்டோர் வேலை கிடைத்தது, அவளுக்குத் தையல் தொழிற்சாலையில் பித்தான் தைக்கும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1979 தீபாவளிக்குச் சில நாள் கழித்து, வேலை முடிந்து நேர அட்டை குத்துவதற்கு வரிசையில் நின்றபோது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை சில்லிட்டது. செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தாளாம். சாகவில்லை. அடுத்த வாரம் அதே வரிசையில் மறுபடி வந்தது. 1980 மார்ச்சில் வேலையை விட்டாள். ஜூனில் பாசாருக்குப் போவதை விட்டாள். கோயிலைப் புரட்டாசி வரை விடவில்லை. அந்த வருடக் கடைசியில் கேட் வரை வந்து, கையை அதன் மேல் வைத்து, திரும்பிப் போய்விடுவாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சோறு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

புந்தோங்கில் அந்தக் காலத்தில் யாருக்கும் மனநோய் இருந்ததில்லை. வாயு இருந்தது, கிறுகிறுப்பு இருந்தது, பித்தம் இருந்தது, பார்வை பட்டிருந்தது. ஆகவே நாங்கள் அந்தந்த வைத்தியத்தைப் பார்த்தோம். கோயில் பூசாரி மந்திரித்த எலுமிச்சம்பழம் கொடுத்தார். கோலா கங்சார் போகும் வழியில் ஒரு போமோ, மலாய் மந்திர வைத்தியர், தண்ணீர் ஓதிக் கொடுத்தார். சீன வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்து ஏதாவது எரிகிறதா என்று கேட்டார். டாக்டர் வைட்டமின் கொடுத்தார். எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். நான் எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதினேன். 1966-லிருந்து எனக்கு அந்தப் பழக்கம்.

1981 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அண்ணன் வந்தார். எனக்கு மச்சான். லோரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், எதையும் ஒரே நாளில் முடித்துவிட விரும்புகிறவர். முன்னறையில் உட்கார்ந்து மைலோவைக் குடித்துவிட்டு, தன் கணக்குக்குத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. தஞ்சோங் ரம்புத்தான்ல சேக்கச் சொல்லி ஒரு சூராட் வாங்கிடுங்க. டாக்டர்கிட்ட கேட்டா எழுதிக் கொடுத்துருவான் லா."

"மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தான பேசுறேன். வருஷம் ஒண்ணாச்சு. கரண்ட் ஷாக் கொடுத்தா சரியாப் போயிரும்னு எங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி சொல்றான்."

"அவரு என்ன டாக்டரா?"

"அவனோட சித்தப்பன் அங்க தோட்டக்காரன்."

தஞ்சோங் ரம்புத்தான் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சின்ன ஊர். அங்கே கடைகள், பள்ளிக்கூடம், கோயில், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. ஆனால் பேராக் மாநிலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் அங்குள்ள பெரிய மனநல ஆஸ்பத்திரி என்றுதான் பொருள். பள்ளிப் பிள்ளைகள் சண்டையில் ஒருவரை ஒருவர் அங்கே அனுப்பிக்கொள்வார்கள்.

அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. மச்சான் போனபின் அவள் வந்து கேட்டாள்.

"அங்க எந்த பஸ் போகும்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். எனக்குத் தெரியும். ஈப்போவில் எல்லாருக்கும் தெரியும்.

மிஸ்ஸியைப் பற்றிச் சொன்னது எங்கள் கடை டெலிவரிக்காரர். நர்ஸ் வேலை பார்த்த பெண்களை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். இவர் நர்ஸ் இல்லை. அந்தத் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைவேலை, தோட்டவேலை, மூச்சுப் பயிற்சி எல்லாம் கொடுத்துத் தேற்றும் தெரபிஸ்ட். அந்தச் சொல் புந்தோங்கில் யார் வாயிலும் நுழையாததால் இவரும் மிஸ்ஸிதான். தோட்டத்தில் பிறந்த கிறிஸ்துவர். ஓய்வு பெற்றபின் பெர்ச்சாம் பக்கத்தில் தன் வீட்டு முன்னறையில் ஆள் பார்த்தார்.

"என் மாமியாவ முழங்கால் வலின்னு கூட்டிட்டுப் போனேன்" என்றார் டெலிவரிக்காரர். "மூணு மாசத்துல என்கூட பேச ஆரம்பிச்சிட்டாங்க."

"முழங்கால்?"

"அது அப்படியேதான் இருக்கு."

பெர்ச்சாம் போக இரண்டு பஸ் உண்டு. ஒன்று அங்கேயே நின்றுவிடும், மணிக்கு ஒன்றுதான். மற்றது தஞ்சோங் ரம்புத்தான் வரை போகிறது, அடிக்கடி வரும். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை நான் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, குகைக் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று அவளிடம் சொன்னேன். கோயில் என்றதும் அவள் குளித்துச் சேலை மாற்றி, கூடையில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், ஊதுபத்தி எல்லாம் எடுத்து வைத்தாள். கேட்டைத் தாண்டினாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. நான் செய்தது சரிதான் என்று அப்போது தோன்றியது.

அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். மலாய் எழுதுகிற ரூமி, அதாவது ஆங்கில எழுத்து, வராது. பஸ் போர்டெல்லாம் ரூமியில்தான் இருக்கும். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். பத்து நிமிடம் கழித்து, எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்டக்டரைப் பார்த்துத் தமிழில் தெளிவாகக் கேட்டார்.

"தம்பி, தஞ்சோங் ரம்புத்தான் எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். அவள் எழுந்து மணிக் கயிற்றை இழுத்தாள். இறங்கினாள். கூடையோடு புந்தோங்கை நோக்கி நடந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் பத்தடி பின்னால் வந்தேன். நெருங்கினால் நின்றாள், நான் நின்றால் நடந்தாள். வழியில் எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து தேங்காயை உடைத்துக் குழம்பில் போட்டாள்.

அதற்குப்பின் அவள் என்னிடம் பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், தட்டை நகர்த்தி வைத்தாள். நான் வாங்கி வந்த மருந்து எதையும் தொடவில்லை. இரவு படுக்கும்போது முக்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டுத் தன் பாயை அதை ஒட்டி விரித்தாள். யாராவது வந்து கொண்டுபோவதற்கா, நான் கொண்டுபோவதற்கா, எதற்கு எதிராக அந்த முக்காலி என்று எனக்கு விளங்கவில்லை என்று நோட்டில் எழுதினேன். விளங்கியிருந்தது. மே மாதத்துக்குள் அவள் கழுத்தெலும்பு தனியாகத் தெரிய ஆரம்பித்தது. மச்சான் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "தீபாவளி வரைக்கும் பாப்போம். அப்புறம் நானே கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளைக் கேட்கவில்லை.

ஜூலையில் நான் தனியாகவே மிஸ்ஸியிடம் போனேன். வெளி பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேருக்கும் முழங்கால். ஒரு அம்மா முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். ஒருவரும் அதை வினோதமாகப் பார்க்கவில்லை.

மிஸ்ஸிக்கு ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு வயதிருக்கும். குட்டையானவர். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஆளு எங்க?"

"வரமாட்டேங்கிறாங்க மிஸ்ஸி."

"சரி, நீங்க உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அத நான் சொல்றேன்."

ரத்த அழுத்தம் பார்த்தார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், நடுவில் எத்தனை தடவை விழிப்பு வருகிறது, காலையில் என்ன பசியாறுகிறேன், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அடிப்பகுதியைப் பார்த்தார். யாரோடு பேசுவீர்கள் என்றார். எழுதுவேன் என்றேன்.

"எழுதுறது பேசுறதுல சேராது தம்பி."

அதற்குப்பின் நான் நடந்ததைச் சொன்னேன். என் நோட்டிலிருந்து, அவளுடைய நோய்க்குக் காரணம் தோட்டத்தையும் மரத்தையும் விட்டு வந்த ஏக்கமே என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்ததையும் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் மேசையில் வைத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரில மருந்து இருக்கு, நல்ல டாக்டருங்க இருக்காங்க. தேவைப்பட்டா நானே சூராட் எழுதுவேன், அதுல ஒரு வெக்கமும் இல்ல. ஆனா ஒரு ஆளுன்னா தலை மட்டும் இல்லையே. வயிறு இருக்கு, புருஷன் இருக்கான், அடுப்படி இருக்கு, பக்கத்து வீடு இருக்கு, சாமி இருக்கு. இதெல்லாம் பாத்துட்டுத்தான் நான் தலைக்கு வருவேன்."

இதில் கணவன் வயிற்றுக்கும் அடுப்படிக்கும் நடுவில் வந்ததைக் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கு வந்தார். கவுன் அணிந்து, தலையில் வெள்ளை ஹெல்மெட்டோடு, ஹோண்டா மோட்டாரில் வந்தார். தெரு முழுக்கப் பார்த்தது. நேராக அடுப்படிக்குப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். என் மனைவி மூலையில் நின்றாள்.

"நீங்க தஞ்சோங் ரம்புத்தான்ல வேல செஞ்சவங்களா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

நான் மிஸ்ஸியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா. ரொம்ப வருஷம்."

"உள்ள போனா வெளிய விட மாட்டாங்களாமே."

"என்னைத் தினமும் அஞ்சு மணிக்கு விட்டாங்க."

அவள் சற்று யோசித்தாள். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது நல்ல அறிகுறி என்று நான் நினைத்தேன். மிஸ்ஸிக்கு மட்டும் தேத்தண்ணி கலக்கினாள்.

அவர் அவளுடைய கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "ரத்தமே இல்லையே" என்றார். மாதவிலக்கைப் பற்றி, மலச்சிக்கலைப் பற்றி, வெயிலில் நிற்கிறாளா என்பதைப் பற்றிக் கேட்டார். எலுமிச்சம்பழம், ஓதிய தண்ணீர், கஷாயம் ஒவ்வொன்றையும் கேட்டார், சிரிக்கவில்லை. "அந்தக் கஷாயம் குடிச்சப்புறம் பசிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் இல்லாததைப் பற்றியும் கேட்டாராம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது என்னைக் கொல்லைப்புறம் போய்த் துணி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். துணி காய்ந்திருக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது மிஸ்ஸி, "தோட்டத்த நெனச்சு ஏங்குறியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா? கொசு, அட்டை, மழ பேஞ்சா பாதிச் சம்பளம். அத நெனச்சு எதுக்கு ஏங்கணும்?"

மிஸ்ஸி என் இரண்டு பக்கத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பற்றிப் பேசினார். "பயம் வந்தா நெஞ்சு அடிக்கும். நெஞ்சு அடிச்சா பயம் வரும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொரத்திக்கிட்டே இருக்கும். நாலு எண்ணி மூச்ச இழு, ஆறு எண்ணி விடு. மூச்சுக்கு ரெண்டையும் நிப்பாட்டத் தெரியும்." இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நோட்டைக் கொண்டுவந்து வாசித்தேன். தொழிற்சாலை வரிசை, அதற்கு அடுத்த வாரம், வேலையை விட்ட நாள், பாசார், கோயில். மிஸ்ஸி கேட்டுக்கொண்டே வந்து, "பஸ்ஸுல போன அன்னைக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்றார்.

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். வேறு வழியில்லாமல் வாசித்தேன். "செவ்வாய். மனைவியுடன் குகைக் கோயிலுக்குப் புறப்பட்டேன். அவளுக்கு உடம்பு முடியாததால் பாதி வழியில் திரும்பினோம்."

"பொய்" என்றாள் என் மனைவி.

நான்கு மாதத்துக்குப்பின் அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

"அன்னைக்குப் புதன்கிழமை" என்றாள் அடுத்து.

அவள் தமிழ் படிப்பாள் என்பதால்தான் அப்படி எழுதினேன். என்றைக்காவது நோட்டை எடுத்துப் பார்த்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை. அவள் கல்யாணமான வருடத்திலிருந்து தினமும் அதைப் படித்து வந்திருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. பொய் எழுதியது வெட்கமாக இருந்தது. கிழமை தவறியதும் வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து எழுதியதில் வந்த பிழை அது. என் நோட்டில் அப்படிப்பட்ட பிழை வேறு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னும் ஆறு இருக்கு" என்றாள்.

"திருத்துங்க" என்றார் மிஸ்ஸி. "இப்பவே, அவங்க பாக்க."

நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அந்த வரிகளை அடித்து, புதன்கிழமை, கோயில் என்று பொய் சொல்லி அவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸில் ஏற்றினேன், மிஸ்ஸி வீட்டில் இறங்குவதாக இருந்தேன், அதை அவளிடம் சொல்லவில்லை என்று எழுதினேன். அவள் என் தோளுக்கு மேல் நின்று படித்தாள்.

"தேங்காய எழுதல."

தேங்காயையும் எழுதினேன்.

"இப்ப சொல்லும்மா, பஸ்ஸுல ஏற என்ன பயம்? கூட்டமா, நெஞ்சு அடிக்கும்னா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"கூட்டமும்தான். ஆனா அது எங்க போற பஸ்ஸுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவரு சொல்றதுதான்."

மிஸ்ஸி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரில் பழைய மாதத் தாள்களைக் கிழிக்கலாமா என்று கேட்டார். அந்தத் தாள்களின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர்களை ரூமியில் எழுதினார். புந்தோங் என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல அத எழுதுங்க" என்றாள் என் மனைவி.

"எத?"

"அந்த ஊர."

மிஸ்ஸி எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, எழுத்துகளை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, அரிசி டின்னுக்கு மேல் ஒட்டினாள்.

வைத்தியம் இப்படி நடந்தது. அருகில் இருந்த கிளினிக்குக்கு நடந்தே போய் ரத்தப் பரிசோதனை செய்து, இரும்புச் சத்து மாத்திரை வாங்கினோம். வாரத்தில் இரண்டு நாள் ஈரல். காலையில் ஆறு மணிக்குப் புந்தோங்குக்குள்ளேயே அரை மணி நேரம் நடை. முதல் வாரம் மூன்று வீடு தூரம், பிறகு சைக்கிள் கடை வரை, பிறகு கோயில் வரை. ஏழரைக்குள் பசியாற வேண்டும். முக்காலியை எடுக்கச் சொல்லி மிஸ்ஸி ஒரு தடவையும் சொல்லவில்லை. தினமும் சாயந்தரம் பக்கத்து வீட்டு அக்காவோடு கால் மணி நேரம் பேச வேண்டும் என்று சொன்னார். அக்கா கால் மணி நேரத்தில் முடிக்கிறவர் இல்லை. நெஞ்சு அடித்தது, முன்பு போலவே. அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

எனக்கும் வைத்தியம் இருந்தது. சீனி ஒரு கரண்டி. எங்கே போகிறோம் என்பதைக் கதவைப் பூட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் அவள் முழங்கையைப் பிடிக்கக்கூடாது. எந்தப் பஸ் என்று சொல்லக்கூடாது, காட்டக்கூடாது, தலையசைக்கக்கூடாது. பின்னால் நிற்க வேண்டும். அவள் ஏறினால் ஏற வேண்டும். "வாயத் தொறக்காதீங்க தம்பி. அவங்க எங்க ஏறினாலும்" என்றார் மிஸ்ஸி.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தோம். மிஸ்ஸி வீட்டுக்குப் போவதாகப் புறப்பட்டோம். பூட்டுவதற்கு முன் சொன்னேன். நிலையத்தில் கூட்டமாக இருந்தது. அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது. இரண்டு பஸ்ஸை விட்டாள். மூன்றாவது பஸ்ஸின் போர்டை நன்றாகப் பார்த்தாள். முன்னால் போய் நின்று மறுபடி பார்த்தாள். ஏறினாள்.

அது கோலா கங்சார் போகிற பஸ்.

நான் வாயைத் திறந்தேன். மிஸ்ஸி சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டு ஏறினேன். அவள் கண்டக்டரிடம் காசை நீட்டினாள். அவன் மலாயில் எங்கே என்றான். அவள் முன்பக்கம் கையைக் காட்டி, "சானா" என்றாள். அங்கே, என்று அர்த்தம். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் கொடுத்தான்.

ஈப்போ தாண்டியது. சுண்ணாம்பு மலைகள் வந்தன, போயின. கித்தாத் தோட்டங்கள் வந்தன. அவள் சன்னலோரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோலா கங்சார் நிலையத்தில் எல்லாரும் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம். அவள் சுற்றிப் பார்த்தாள்.

"மிஸ்ஸி வீடு எங்க?"

"ஈப்போவுல."

"இது எந்த ஊரு?"

"கோலா கங்சார்."

"ஏறும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"மிஸ்ஸி சொல்லக்கூடாதுன்னாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "அந்த ஊரு இல்லன்னு பாத்தேன். அது இல்லன்னா சரின்னு ஏறிட்டேன்" என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ என்று பயந்து நான் மூச்சை எண்ணச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலையத்துத் தூணில் சாய்ந்து சிரித்தாள். ஆற்றோரம் போய் ஆளுக்கொரு தட்டு லக்சா சாப்பிட்டோம். அவள் முழுத் தட்டையும் சாப்பிட்டாள். அன்று மாலை மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னபோது, இனி மற்ற ஊர்களையும் படிக்க வேண்டியிருக்கும் என்றார்.

அக்டோபரில் அவள் பதினோரு ஊர்களைப் படித்தாள். பெர்ச்சாமோடு நிற்கும் பஸ்ஸில் தனியாக மிஸ்ஸியிடம் போய் வந்தாள், இரண்டு தடவை. முக்காலி கதவிலிருந்து அடுப்படிக்குப் போயிருந்ததை ஒரு நாள் காலையில் கவனித்தேன். எந்த இரவில் போனது என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. தீபாவளியன்று வந்த உறவுக்கூட்டத்தில் ஒரு தடவை வந்தது, அவள் கொல்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதை மச்சான் பார்த்துவிட்டார். "அடுத்த ஞாயிறு வாரேன்" என்றார். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் சைக்கிள் டயர் மாற்றப் போனேன். பத்தரைக்குத் திரும்பி வந்தபோது மச்சான் ஒரு நண்பரின் டட்சன் காரோடு கேட்டுக்கு வெளியே நின்றார். வீடு பூட்டியிருந்தது, என்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஒம்போதேகாலுக்கே போனாங்க. எங்கன்னு கேட்டேன், வந்து சொல்றேன்னாங்க" என்றார்.

மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னேன்ல. பாத்தீங்களா, ஓடிட்டா. இனி என்னத்தப் பண்ணுவாளோ." அவர் ரயில் பாதைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போனார். ஏன் அந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. நான் கோயிலைப் பார்த்தேன், கிளினிக்கைப் பார்த்தேன், பஸ் நிலையத்தில் ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். எனக்கே நெஞ்சு அடித்தது. நாலு எண்ணி இழுத்தேன். விடும்போது எண்ணிக்கை தவறிப்போனது. பன்னிரண்டு மணிக்கு மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"இங்க வரலையே. சொல்லிட்டுப் போச்சா?"

"இல்ல."

"கைப்பை எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

"குடை?"

"அதையும் காணோம்."

"குடை எடுத்துட்டுப் போறவங்க திரும்பி வருவாங்க. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிங்க." சொல்லிவிட்டு அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கேட்டைச் சாத்தும்போது ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்கு வந்தேன், சோறு வடிக்கவில்லை. மச்சான் மூன்று மணிக்கு வந்து முன்படியில் உட்கார்ந்தார்.  லோரிக்காரர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. "சின்னதுல என் முதுகுலதான் பள்ளிக்கூடம் வரும்" என்று ஒரு தடவை சொன்னார். நாலேமுக்காலுக்கு அவள் தெருமுனையில் வந்தாள். குடையை விரித்துப் பிடித்து, மெதுவாக, பார்த்து நடந்து வந்தாள். எங்களைக் கண்டும் வேகத்தைக் கூட்டவில்லை.

"எங்க போன?" என்றார் மச்சான், எழுந்து நின்று.

"தஞ்சோங் ரம்புத்தான்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் எதுவும் செய்யவில்லை என்று கையை விரித்தேன்.

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"போர்டு பாத்து ஏறினேன். நீங்கதான் அண்ணே போகணும் போகணும்னீங்க. போய்ட்டு வந்துட்டேன்."

"உள்ள போனியா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பாக்க வாரவங்கள விடுறாங்க. ஒரு சீனக் கெழவிக்குப் பை தூக்கிட்டுப் போனேன், அவங்க மகன் இருக்கான். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல." குடையை மடக்கினாள். "ஏறும்போதும் அடிச்சுது, ஆஸ்பத்திரி கேட் கிட்டயும் அடிச்சுது. ரெண்டு தடவ இறங்கிரலாமான்னு பாத்தேன்."

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா நீங்களும் வந்திருப்பீங்க."

மச்சான் மறுபடி படியில் உட்கார்ந்தார். கார்ச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். தெருவில் ஹோண்டா மோட்டார் ஒன்று வந்து, எங்கள் வீட்டுக்கு முன்னால் வேகம் குறைந்து, அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனது. அவள் உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"காலையில இருந்து ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடலையா?"

இல்லை என்றோம். அவள் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். மச்சான் இருந்து சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குப் போனார்.